நான்காவது அறைக்கு மகிழம்பூ

செங்கால்குறிச்சியில் கோமதிநாயகம் கொத்தனாரின் வீட்டுக்கு முதல் அறை வந்து சேர்ந்தது ஒரு பங்குனி மாதத்தில், தெருவில் நின்ற வேம்பெல்லாம் பூத்துக் கொட்டி, நடக்கிறவர்கள் தலையிலும் குடத்துத் தண்ணீரிலும் கொதிக்கிற குழம்பிலும் பூ விழுந்துகொண்டிருந்த நாட்களில், அவன் மனைவி ஆவுடை மூன்று மாதக் கருவை டவுன் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, பகல் பதினொரு மணி பஸ்ஸில் அவனோடு வந்து இறங்கிய அன்று. போகும்போது அந்த வீட்டில் முன்னறையும் அடுக்களையும்தான் இருந்தன. வரும்போது அடுக்களையின் கிழக்குச் சுவரில் ஒரு கதவு இருந்தது. கதவைத் தள்ளினால் நெல்லுக் குதிர் அளவுக்கு ஓர் அறை, சுண்ணாம்பு பூசி, தரை மெழுகி, கையகலத்துக்கு ஒரு ஜன்னலும் வைத்து, யாரோ நேற்றே வேலையை முடித்துவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

ஆவுடை குனிந்து உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு தெருவுக்கு வந்து வேப்பங்கொப்பில் ஒரு பூங்கொத்தை ஒடித்து, காப்பி குடிக்கிற டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் கொத்தைச் செருகி அந்த ஜன்னலுக்கு நேர் கீழே வைத்தாள். "இது அதோட ரூமு அத்தான்" என்றாள். அவள் குரலில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் எங்கே வைக்க, எங்கே வைக்க என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே வந்தவளுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஏனென்றால் அந்த ஊரில் வழக்கம் அப்படி. பெரியவர்கள் செத்தால் படம் உண்டு, மாலை உண்டு, வருஷத்துக்கு ஒரு தடவை இலை போட்டுப் படைப்பது உண்டு. பிறக்காமல் போனதுக்கும் பிறந்து அழாமல் போனதுக்கும் ஒன்றும் கிடையாது. பேர் வைப்பதில்லை. ஆம்பிளைகள் இரண்டு பேர் ஓடைக்கரைக்கு எடுத்துப் போவார்கள், குழி மூடிய இடத்தில் ஒரு கல் கூட வைக்க மாட்டார்கள், பெற்றவள் அந்தப் பக்கம் போகவும் கூடாது, எங்கே என்று கேட்கவும் கூடாது. கேட்டால் அடுத்தது தங்காது என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

கோமதிநாயகமோ கொத்தனார். பெண்டாட்டி உள்ளே பூ வைத்துக்கொண்டிருக்க, அவன் வெளியே நின்று தூக்குக்குண்டைப் போட்டு அந்தச் சுவரைப் பார்த்தான். மயிரிழை விலகல் இல்லை. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தான். நாலு மூலையும் சரி. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அதுபோல் அவன் தனக்கென்று அவசரத்தில் கட்டிய வீடுதான் ஊரிலேயே கோணல் வீடு, முன்னறைச் சுவர் பிள்ளைத்தாச்சி வயிறு மாதிரி தள்ளிக்கொண்டு நிற்கும். அதில் ஒட்டிக்கொண்டு, யார் கை வைத்தார்கள் என்று தெரியாமல், இப்படி ஒரு நேரான அறை. அவனுக்குத் துக்கத்தோடு துக்கமாகக் கொஞ்சம் பொறாமையும் வந்தது. அதை அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஊர் வந்து பார்த்தது. வந்தவர்கள் கதவைத் திறந்து பார்த்து, மூடிப் பார்த்து, மறுபடியும் திறந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பேராச்சி மதினி, பீடி சுற்றுகிற கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து தலையை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "ரூமு வந்ததெல்லாம் சரிதான், கதவ வடக்க வச்சிருந்தா காத்து வந்துருக்கும்" என்றாள். கோவிலில் சாமியாடுகிற பண்டாரம், இது பதினெட்டு நாளில் போய்விடும் என்று குறி சொன்னார். பத்தொன்பதாம் நாளும் அது இருந்தபோது, "போவும்னு சொன்னேனே தவிர இந்த வருசம்னு சொன்னனா?" என்று கேட்டார். அதற்குள் ஊருக்கும் பழகிவிட்டது.

அடுத்த வருஷம் நாலு மாதத்தில் ஒன்று போயிற்று. பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தபோது முன்னறையின் மேற்கில் இரண்டாவது அறை நின்றது, ஒரு கட்டில் போட்டால் சரியாக இருக்கிற அளவில், வாசல் தாழ்ந்து. அதற்கு அடுத்த வருஷம் ஆறு மாதத்தில், பெண்பிள்ளை. பின்பக்கம் மூன்றாவது அறை, கிழக்கே பார்த்த பெரிய ஜன்னலோடு. மாதத்துக்கு ஏற்ற அளவு என்பதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது பேராச்சி மதினிதான். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமே என்று தன் வாயில் தானே இரண்டு போட்டுக்கொண்டாள்.

ஊர் என்றால் ஊர்தான், ஒரு மூலை சும்மா கிடக்க அதற்குப் பொறுக்காது. தலையாரி வீட்டுக் கல்யாணத்தில் வந்த விருந்தாளிகளை இரண்டாவது அறையில் படுக்க வைத்தார்கள். விதைக் கடலையை ஒரு மாதம் வைத்துக்கொள்ளட்டுமா என்று ஒருவர் கேட்டார். மூன்றாவது அறையில் எந்த வெயிலுக்கும் குளிர்ச்சி குறையவில்லை என்று தெரிந்ததும், பீடி சுற்றுகிற பெண்கள் மத்தியானமானால் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள், அவர்களோடு ரேடியோவும் வந்தது. கோமதிநாயகத்துக்கு வேலை கொடுப்பதா வேண்டாமா என்று ஊர் இரண்டாகப் பிரிந்தது. அவன் கைராசி, கட்டின வீடு பெருகும் என்றார்கள் சிலர். பெருகுவது எதனால் என்று தெரிந்தவர்கள், அப்படிப் பெருக வேண்டாமய்யா என்று வேறு கொத்தனாரைத் தேடிப் போனார்கள். ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த பள்ளிக்கூடத்து டீச்சர் தாளில் எழுதிக்கொண்டே, "ஆளு ரெண்டு, ரூமு அஞ்சு. கொடுத்துவச்சவங்க" என்றாள். உள்ளூர்க்காரி அல்ல, பாவம், அவளுக்குத் தெரியாது. ஆவுடை அவளுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள்.

சித்திரை வருஷப்பிறப்பான விசு நெருங்கினால் மட்டும் ஆவுடை எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிடுவாள். மூன்று நாள் யாருக்கும் இடமில்லை. மற்ற வீடுகளில் விசுவுக்குக் கனி வைப்பார்கள், கண்ணாடியும் பழமும் பொன்னும் பூவும் ஒரு தாம்பாளத்தில். ஆவுடை வீட்டில் தாம்பாளம் கிடையாது, அறைகள்தான். முதல் அறைக்கு வேப்பம்பூ, அதே டம்ளரில், ஒரே ஒரு கொத்து. அதற்கு மேல் வைத்தால் அந்தச் சின்ன அறைக்கு மூச்சு முட்டும் என்பாள். இரண்டாவது அறையில் பாத்திரமே வைப்பதில்லை. விடியற்காலையில் குளத்துக்கரைப் புங்கமரத்தடிக்குப் போய், மரம் உதிர்த்த பூவைத் துடைப்பம் படாமல் கையாலேயே அள்ளி வந்து, மரத்தடியில் கிடந்த மாதிரியே தரை முழுக்கப் பரப்புவாள். உள்ளே போகிறவர்கள் அரிசிப்பொரி மேல் நடக்கிற மாதிரி மெதுவாகக் கால் வைக்க வேண்டும். மூன்றாவது, பெண்பிள்ளை அறையல்லவா, அதற்குச் சீர் அதிகம். சரக்கொன்றையைக் கொப்போடு வெட்டி வந்து, கல்யாணத்துக்குத் தாய்வீட்டில் கொடுத்த பித்தளைக் குடத்தில் நிறுத்தி, கிழக்கு ஜன்னலில் வெயில் வருகிற நேரத்துக்கு மஞ்சள் முழுக்கச் சுவரில் விழுகிறபடி குடத்தைத் திருப்பித் திருப்பி வைப்பாள். வாசல்நிலையில் மல்லிகைச் சரம் தொங்கும். பார்க்கிறவர்களுக்குக் கண் கலங்கும், அவள் கண் கலங்காது, வேலை தீரும்வரை அவள் முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும். கோமதிநாயகம் அந்த மூன்று நாளும் வெளியூர் வேலையாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஒரு தடவை கூட அவன் பூ எடுத்துக் கொடுத்ததில்லை.

விசு அன்று பெண்கள் வருவார்கள். முதல் வருஷம் நாலு பேர், அப்புறம் பக்கத்து ஊர்களிலிருந்தும். சத்தம் காட்டாமல் வந்து வாசலில் நிற்பார்கள், கையில் ஒரு பூ இருக்கும். அறுபது வயதான ஒருத்தி, பேரன் பேத்தி எடுத்தவள், மல்லிகை மொட்டு ஒன்றே ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "தாயீ, எனக்கு ரூமு ஒண்ணும் வரல. நாப்பது வருசம் ஆவுது. ஒன் ரூமுல ஒரு மூலையில இத வச்சிக்கிடட்டா?" ஆவுடை வழி விட்டாள். அந்த அம்மாள் இரண்டாவது அறையின் மூலையில் மொட்டை வைத்துவிட்டு, வெளியே வந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டு, இரண்டு செம்பு குடித்தாள். மாலைக்குள் மூன்று அறைகளின் மூலைகளும் நிறைந்துபோகும்.

"எல்லாருக்கும் ரூமு வருமா ஆவுடை? ஒனக்கு வந்துது" என்றாள் பேராச்சி மதினி. அவளும் ஒரு பூ வைத்திருந்தாள், எதற்கென்று அவள் சொல்லவில்லை, ஆவுடையும் கேட்கவில்லை.

நாலாவது தடவை தலைமுழுகாமல் நின்றபோது ஆடி மாதம். ஆவுடைக்கு முப்பத்து நாலு வயது. டவுன் ஆஸ்பத்திரி நர்சம்மா, இனி ஒரு தடவை உடம்பு தாங்காது, இதுதான் கடைசி என்று கோமதிநாயகத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அன்றிலிருந்து அவன் வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தான். மண்ணில் குச்சி நட்டான், நூல் பிடித்தான், கிழக்கே ஆறடி, மேற்கே நாலடி, பின்பக்கம் எட்டடி வெறுமையாகக் கிடக்கிறது என்று அளந்தான். கொத்தனார் மூளைக்கு ஒரு வழி தெரிந்தது. ஆகாயத்தில் யாரும் கட்ட முடியாது. எவன் கட்டினாலும், சாமியே கட்டினாலும், கட்டுவதற்கு இடம் வேண்டும். இடம் கிடக்கப் போய்த்தான் அறை வருகிறது. அறை வரப் போய்த்தான் பிள்ளை போகிறது. இதில் எது முன்னே எது பின்னே என்று உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். பயந்தவன் எங்கே யோசிக்கிறான்.

அவன் இடத்தை அடைக்க ஆரம்பித்தான். சைட்டில் மிஞ்சுகிற உடைகல், பழைய செங்கல், இடித்த வீட்டுக் காரைக்கட்டி எல்லாவற்றையும் வண்டியில் கொண்டுவந்து, வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் நடுவே கொட்டிக் கலவை ஊற்றி இறுக்கினான். மூன்று பக்கமும் கூரை மட்டத்துக்கு ஒரே கல்லாக எழுந்தது. தெருப்பக்கம்தான் பாக்கி, தெரு ஊருக்குச் சொந்தம், அதில் அறை வர பஞ்சாயத்து விடாது என்று அவனுக்கு நிச்சயம் இருந்தது. மேலே எதுவும் நிற்கக் கூடாது என்று மொட்டைமாடியைச் சரிவாக்கி ஓடு போட்டான். ஆவுடை கேட்டதற்கு, பாம்பு வருது என்றான்.

ஊருக்கு அவன் சொல்லாமலே விளங்கிவிட்டது. விளங்கியதும் ஊருக்கு வந்ததே ஒரு வேகம். நல்ல யோசனை, கொத்தனார்னா கொத்தனார்தான், இது முன்னாலயே தோணாமப் போச்சே என்று, வேலை முடித்து வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டார்கள். பண்டாரம் திருநீறு பூசி ஒரு கல் போட்டார். மூன்றாவது அறையின் குளிர்ச்சியை அனுபவித்த பெண்கள் கல்லாக எடுத்துக் கொடுத்தார்கள். பின்பக்கத்துக் கல் எழும்பி எழும்பி அந்தக் கிழக்கு ஜன்னலை மறைத்தபோது, அறை இருட்டிப் போயிற்றே என்று ஒருத்திக்கும் வாய் வரவில்லை. பிள்ளை முக்கியம். அந்த ஊர் அவள்மேல் வைத்த ஆசை அத்தனையும் கல்லாகச் சுவரில் ஏறிற்று.

ஆவுடை மட்டும் ஏழாம் மாதத்தில், வளைகாப்பு வளையல் கையில் சத்தம் போட, அந்த மூடிய ஜன்னல் பக்கம் நின்று சொன்னாள்: "அத்தான், கொன்றைக்கு வெயிலு இல்லாம ஆக்கிட்டிய."

"பிள்ள வரட்டும். வந்தப்பெறவு நானே ஒடைச்சி விடுதேன்."

"வந்துரும்லா?"

"எங்கிட்டு வழி இருக்கு, போறதுக்கு?" என்றான் அவன். சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சே சரியில்லை என்று அவனுக்குப் பட்டது. ஆவுடை அதைக் கவனிக்காத மாதிரி வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தது உதைத்தது. அவன் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள்.

எட்டு மாதம் நிறைந்து, மாசி மகத்துக்கு மறுநாள் காலை, உதைப்பது நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆனதெல்லாம் செய்தார்கள், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆண்பிள்ளை. தலை நிறைய முடி. நர்சம்மா நல்ல மனுஷி, வழக்கத்தை மீறி, துணியில் சுற்றிக் கொண்டுவந்து, ஒரு பால் பொங்குகிற நேரம் ஆவுடையின் கையில் கொடுத்தாள். பிறகு கோமதிநாயகமும் பேராச்சி மதினியின் புருஷனும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஓடைக்கரையில் கல் வைக்கவில்லை.

மூன்றாம் நாள் பகல் பதினொரு மணி பஸ்ஸில் அவர்கள் வந்து இறங்கியபோது தெருவில் ஊரே நின்றது. கோமதிநாயகம் பெண்டாட்டியின் கையைப் பேராச்சி மதினியிடம் கொடுத்துவிட்டு, நேராகப் போய்ச் சுவரைப் பார்த்தான். கிழக்கே விரிசல் இல்லை. மேற்கே விரிசல் இல்லை. பின்பக்கமும் ஒரு கல் அசையவில்லை. வீட்டுக்குள்ளும் புதிதாகக் கதவு எதுவும் இல்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, தன் வேலை அசையாமல் நின்றுவிட்டது என்று அவனுக்குள் ஒரு நிறைவு எழுந்தது. அந்த நொடிக்காக அவன் பின்னால் பட்ட வெட்கத்தை எந்தச் சாந்தாலும் பூச முடியவில்லை.

ஏனென்றால் அவன் முன்னறைக்குத் திரும்பி வந்தபோது ஆவுடை சுவரைத் தடவிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். இடது கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் முன்னறைச் சுவர், அடுக்களைச் சுவர், முதல் அறை, இரண்டாவது அறை, மூன்றாவது அறை என்று ஓர் அங்குலம் விடாமல் தடவி, எங்காவது கதவின் விளிம்பு கைக்குத் தட்டுகிறதா என்று பார்த்து, சுற்றி முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். வாசலில் நின்ற பெண்கள் அழுதார்கள். ஆம்பிளைகள் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள், கல் தூக்கின கை.

"எங்க அத்தான் அவன் ரூமு?" என்று கேட்டாள்.

அவன் கடப்பாரையை எடுத்தான். அன்று மத்தியானமே தொடங்கினான். போட்டது நாலு மாதம், எடுக்க ஒரு மாதம். நல்ல வேலைக்காரன் இறுக்கின இறுக்கு, லேசில் பெயரவில்லை, உள்ளங்கை தோல் உரிந்தது. ஊர் மறுபடியும் வந்தது. அவரவர் போட்ட கல்லை அடையாளம் கண்டு ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். பண்டாரம் தன் கல்லிலிருந்த திருநீற்றைத் துடைத்துவிட்டுத் தோளில் வைத்துக் கொண்டுபோனார். கிழக்கு ஜன்னலில் மறுபடியும் வெயில் வந்தது. ஓட்டைப் பிரித்து மாடியை மட்டமாக்கினான். பிறகு பின்பக்கத்து எட்டடி மண்ணைக் கொத்திக் கிளறித் தண்ணீர் தெளித்து வைத்துவிட்டு, விதை போட்ட சம்சாரி மாதிரி காத்து உட்கார்ந்திருந்தான்.

பங்குனி முடியப் போயிற்று. வேம்பு பூத்தது, புங்கம் பூத்தது, அறை வரவில்லை.

"பிந்தி வருமோ?" என்று பேராச்சி மதினியைக் கேட்டான். ஊரில் யாரிடமும் தலை குனிந்து பேசாதவன்.

"எனக்கென்னய்யா தெரியும்" என்றாள் அவள். "ஆனா ஒண்ணு. வந்த ஆள வாசலடைச்சு அனுப்பிட்டு, நாளைக்கு வான்னு கூப்ட்டா எந்த விருந்தாளி வருவா?"

விசுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஆவுடை எழுந்தாள். தலைக்குக் குளித்து, மற்ற வருஷம் போலவே டம்ளரைத் துலக்கி வேப்பம்பூ வைத்தாள். புங்கம்பூவை அள்ளி வந்து பரப்பினாள். குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கொன்றையை நிறுத்தினாள். அது முடிந்ததும் கோவிலுக்குப் போய், பிரகாரத்து மகிழமரத்தடியில் குனிந்து குனிந்து, நட்சத்திரம் நட்சத்திரமாகக் கிடந்த பூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டு, மடியாகக் கட்டிக்கொண்டாள். ஆடியிலேயே தீர்மானித்து வைத்த பூ அது. காய்ந்தாலும் மணம் போகாத பூ, பையனானாலும் பெண்ணானாலும் இதுதான் என்று நினைத்திருந்தாள். பிறக்கப்போகிற பிள்ளையின் தொட்டில் கயிற்றில் சுற்ற என்று. வீட்டுக்கு வந்து, மடியோடு, முன்னறையிலிருந்து பின்கட்டு வரைக்கும் நடந்தாள், திரும்பி நடந்தாள்.

பேராச்சி மதினிக்குப் பொறுக்கவில்லை. "ஏளா, மூணாவது ரூமுல அக்காகாரி பக்கத்துல வையி. எத்தன பேரு பூவ நீ வைக்க விட்டுருக்க. ஒரு மூலையில வச்சாப் போதாதா?"

"அதெல்லாம் அவங்கவங்க ரூமு மதினி" என்றாள் ஆவுடை. "எட்டு மாசம் இருந்த பையன். ஊரு ஒலகத்துப் பிள்ளைக்கெல்லாம் மூலை குடுத்தேன். எம்பையனுக்கு மூலைதானா?" அந்த வீட்டில் பூ வைக்கிற நாளில் அவள் அழுது யாரும் கண்டதில்லை, அன்று அழுதாள்.

கோமதிநாயகம் அதைக் கேட்டான். கேட்டுவிட்டு நூலும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். அறை வராவிட்டால் கட்டுவது; நாற்பது வயதுக்குள் ஊரில் பாதி வீட்டைக் கட்டியவன், ஓர் அறை கட்டத் தெரியாதா. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன்னால் ஆவுடையிடம் வந்து, கட்டட வேலைக்குக் கூப்பிட்டவர்களிடம் கேட்கிற அதே மரியாதையோடு, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டான்:

"எவ்வளவு பெருசு வேணும் ஆவுடை?"

அவள் மடியைப் பிடித்திருந்த கையை விட்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, நடுவில் இடம் விட்டுக் காட்டினாள். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதல். நர்சம்மா கையில் கொடுத்தபோது இருந்த அளவு. கோமதிநாயகம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான், அவனுக்கு அந்த அளவிலிருந்து அடிக்கணக்குப் போடத் தெரியவில்லை.

மூன்று நாள். சித்தாள் கிடையாது, ஊர் உதவிக்கு வந்தது, வேண்டாமென்றான். தானே மண் எடுத்தான், தானே சாந்து குழைத்தான், தானே கல் சுமந்தான். அந்தப் பழைய மூன்று அறைகளையும் பார்த்து வந்து பார்த்து வந்து கட்டினான், அதே போல் கிழக்கே ஜன்னல், அதே போல் மழமழவென்ற பூச்சு. ஜன்னலுக்குக் கீழே ஒரு மாடம் வைத்தான், அதைச் செய்ய மட்டும் அரை நாள் எடுத்துக்கொண்டான். ஆயுசில் முதல் தடவையாக, சொந்த வீட்டில், அவன் கட்டிய சுவர் நேராக வந்தது. தூக்குக்குண்டு மயிரிழை விலகவில்லை. ஆவுடை மூன்று நாளும் மடியை அவிழ்க்கவில்லை. படுக்கும்போதும் கட்டியிருந்தாள், பூ வாடிப் பழுப்பாயிற்று, மணம் மட்டும் அவள் போகிற இடமெல்லாம் போயிற்று.

விசு அன்று காலை, சுவர் ஈரம் காய்வதற்கு முன்னால், கதவைத் திறந்துவைத்து அவளைக் கூப்பிட்டான். தெருவில் வழக்கம்போல் பெண்கள் கையில் பூவோடு நின்றார்கள், ஊரும் அவர்களுக்குப் பின்னால் நின்றது. ஆவுடை வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். சுவரைத் தொட்டாள். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். மாடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தாள். நாலு மூலைக்கும் போய்ப் போய் நின்றாள். பிறகு திரும்பி, புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு வந்தவர்கள் வீட்டுக்காரரிடம் சொல்வார்களே, அந்தக் குரலில், மனசாரத்தான் சொன்னாள்:

"நல்லாக் கட்டியிருக்கிய அத்தான்."

மடி அப்படியே இருந்தது. அவன் அதைப் பார்த்தான்.

"வைக்கலியா?"

அவள் முந்தானை முடிச்சில் கையை வைத்தாள். அவிழ்க்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சண்டை பிடிக்கிற முகமில்லை, கோபமில்லை, தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கிற மாதிரி கேட்டாள்:

"எங்க அத்தான் வைக்க?"

ஊரில் பாதி வீட்டைக் கட்டிய கோமதிநாயகம், அவளுக்கு ஓர் இடம் காட்டுவதற்காக, அந்த அறையைச் சுற்றிலும் பார்த்தான்.